நொடிக்கு நூறு

சைபர் கஃபே மூடிய வாரம்
நூற்றைம்பது வெள்ளிக்கு ஆ லியோங்
என் தலையில் கட்டிய கணினி.
விசைப்பலகையில் ஓர் எழுத்து தேய்ந்தே போயிருந்தது.
விளையாட்டில் பின்வாங்கும் பொத்தான் அதுதானாம்.
பகாவ் பையன்கள் நிறையப் பின்வாங்கியிருக்கிறார்கள்.

எனக்கு வேண்டியது பின்புறத்துத் துளை,
ஒலிவாங்கி செருகுவது.

பகலில் செம்பனை ஆலையின் எடைமேடை.
லாரி ஏறும், எண் நிற்கும், அச்சடிப்பேன்.
நிறைந்த லாரியில் வெறும் லாரி போனால் மிச்சம் குலை.
கழித்தல்தான் என் பிழைப்பு.

இரவில்
செத்த கால்குலேட்டரின் நெற்றியிலிருந்து
பெயர்த்தெடுத்த சூரியத் தகடு,
இரண்டு கம்பி, கோணலாய் ஒரு பற்றவைப்பு.
பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பக்கம் தகடு,
எதிரே குட்டைக் குழல்விளக்கு,
நடுவில் ஊறுகாய் ஜாடி.
மீன்தொட்டிப் பம்பு கொல்லை ஓடையை
உள்ளே அழைத்து வந்து வெளியே அனுப்பும்.

திரையில் வெறும் முனகல்.
மூன்று வாரம் அதைத் துரத்தினேன்.
வெள்ளித்தாள் சுற்றினேன், மண்ணில் கம்பி புதைத்தேன்,
மின்விசிறியை நிறுத்தி வியர்த்துக் கிடந்தேன்.
ஒரு விடிகாலை உறைத்தது:
இந்தத் துளைக்கு அசையாத ஒளி கேட்காது.
நிலைத்த வெளிச்சமும் நிலைத்த இருட்டும்
அதற்கு ஒரே மௌனம்.
மாறுவது மட்டுமே காதில் விழும்.
குழல்விளக்கோ
நொடிக்கு நூறு தடவை
யாருக்கும் தெரியாமல் செத்துப் பிழைக்கிறது.
ஐம்பதில் முனகுவது கம்பி.
நூறில் பேசுவது தண்ணீரைத் தாண்டி வந்த விளக்கு.
ஐம்பதை விட்டேன்.

அளவுகோலுக்கு எங்கே போவது?
ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கரண்டி டின்பால்,
அதில் பாதி, பாதியில் பாதி, இப்படி ஏழு போத்தல்.
மிச்சம் தேநீருக்கு.
காக் ரொகாயா வேலிமேல் எட்டி,
"என்ன விற்கப் போறே, மங்களேஸ்?"
"கலங்கல்" என்றேன். சிரித்தார்.
அவர் வாத்துகள் இந்த மாதம் ஓடையில் இறங்கவில்லை.
அதை நான் குறிக்கவில்லை.
வாத்துக்கு என்னிடம் போத்தல் இல்லை.

செவ்வாய் இரவு இரண்டு நாற்பதுக்குக் கோடு சரிந்தது.
ஆறாம் போத்தலின் தெளிவிலிருந்து
இரண்டாம் போத்தலின் வெள்ளைக்கு.
நாலேகாலுக்குத்தான் மெல்ல எழுந்தது.
டின்னைத் திறந்தால் தகட்டின் மேல் ஒரு பல்லி.
அப்பாடா என்றிருந்தது, ஒளிப்பானேன்.
பல்லிதான். ஆலை இல்லை.
சம்பளம் வரும் இடம் அல்லவா.

ஓட்டையை அடைத்தேன்.
வியாழன், இரண்டு முப்பத்தெட்டு.
சனி, இரண்டு நாற்பத்தொன்று.
மழை இல்லை. பல்லி இல்லை.

ஆலையின் மானி பழுதாம்.
பலகையில் சாக்கட்டித் தேதி நான்கு மாதமாய் அழியவில்லை.
என் எண்ணில் ஏழில் ஒரு பங்கு பிழை உண்டு,
பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.
அவர்கள் எண்ணில் பிழையே கிடையாது,
எண்ணே கிடையாததால்.

திங்கள் காலை, இரண்டு லாரிக்கு நடுவே
எடைமேடை அச்சுப்பொறியில் ஒரு தாள் ஓட்டினேன்.
நேரம், கலங்கல், பிழை.
அந்தத் தாள் எப்போதும் மூன்றாய்த்தான் வரும்.
வெள்ளை அலுவலகத் தட்டுக்கு, வழக்கம்போல்.
இளஞ்சிவப்பு காக் ரொகாயாவுக்கு.
மஞ்சள் லாரிக்காரனுடையது;
இந்தச் சரக்குக்கு லாரி இல்லை.
மடித்து உறையில் போட்டேன்.
முகவரி இன்னும் எழுதவில்லை.

வெளியே ஹாரன் அடித்தான் ஒருவன்.
ஏறச் சொன்னேன்.
எண் ஆடிக்கொண்டிருந்தது.
நிற்கட்டும் என்று இருந்தேன்.